கோடைமலைப் புல்தரையில் ஒரு நாள்

நம் பங்கின் கோயிற்பிள்ளைக்கு வயது எழுபத்தேழு. மணி அடிப்பது, பீடத்து மெழுகுவர்த்திகளைத் துடைத்து ஏற்றுவது, திருவிழாக் காலத்தில் சப்பரத்திற்குத் தோள் கொடுப்போரை உயரம் பார்த்து நிறுத்துவது ஆகிய பணிகளை முப்பது ஆண்டுகளாகச் செய்து வருபவர். அதிகம் பேசும் வழக்கம் இல்லாதவர். சென்ற தை மாதத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்து குருமனைத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "சிறு வயதில் என்ன வேலை பார்த்தீர், பெரியவரே?" என்று பேச்சுவாக்கில் வினவினோம். அவர் சற்றும் தயங்காது, "கேடியா இருந்தேன் சாமி" என்றார்.

நாம் திடுக்கிட்டோம் என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்! காவல் நிலையத்துச் சுவரில் படம் ஒட்டப்பெறும் கேடிகளையே நாம் அறிவோம். கோயிலின் திறவுகோல்கள் அத்தனையும் அவர் இடுப்பிலன்றோ தொங்குகின்றன! நம் முகம் போன போக்கைக் கண்டு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தக் கேடி இல்ல சாமி. கொடைக்கானல்ல கோல்ஃப் ஆடுற துரைமாருக்குப் பை தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போவோம். அதுக்குக் கேடின்னு பேரு."

பின்னர் அகராதியைப் புரட்டினோம். பிரெஞ்சு மொழியில் இளையவன் என்று பொருள்படும் 'காடே' என்னும் சொல்லே ஸ்காட்லாந்து சென்று, ஆட்டக்காரரின் கோல்களைச் சுமக்கும் ஆளுக்குப் பெயராகி, நம் மலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. காவல்துறைக் கேடி வேறு. அது இரண்டு ஆங்கில எழுத்துகளின் சுருக்கம். இரண்டும் தமிழில் ஒன்றாய் ஒலிப்பதால் மலையிலிருந்து இறங்கிய புதிதில் பெண் பார்க்கச் சென்ற வீட்டில் தாம் பட்ட பாட்டையும் பெரியவர் சொன்னார். அதனை இங்கு விரித்தால் பக்கம் போதாது.

அன்று திண்ணையில் எங்களுடன் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் இருந்தார். பெங்களூரில் கணினித் துறையில் வேலை, விடுப்பில் வந்திருந்தார். அவர் சில ஆண்டுகளாகவே கோல்ஃப் பழகி வருபவராம். "ஃபாதர், கொடைக்கானல் மைதானத்தில் வெளியாரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். நான் உங்கள் இருவரையும் அழைத்துப் போகிறேன்" என்றார். நாம் மறுத்தோம். ஒன்று, அது செல்வர் ஆட்டம் என்னும் எண்ணம் நமக்கு உண்டு. மற்றொன்று, குருமடத்தில் கால்பந்தும் கைப்பந்தும் ஆடியதோடு நம் விளையாட்டு வாழ்வு முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் இளைஞர் விடுவதாயில்லை. பெரியவரோ ஒன்றும் பேசாமல் திறவுகோற் கொத்தையே உருட்டிக்கொண்டிருந்தார். "நீர் அங்கே மறுபடி போனதுண்டா?" என்று கேட்டோம். "பதினாலு வயசுல இறங்கினது சாமி. கொடைக்கானலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன். அந்தப் பக்கம் மட்டும் போகல" என்றார். வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் நின்றால் மலைக்குச் செல்லும் வண்டிகள் நாள் முழுதும் கிடைக்கும். ஆயினும் அறுபதாண்டுகளுக்கு மேலாக ஒருவர் ஓரிடத்தை மட்டும் ஒதுக்கி வந்திருக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் என நமக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு வியாழனன்று, அதிகாலைத் திருப்பலி முடித்து, இருள் பிரியுமுன் புறப்பட்டோம்.

வத்தலக்குண்டைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலைக் கொடிக்கால்கள் மிகுந்திருந்தமையால் வெற்றிலைக்குண்டு என வழங்கிப் பின் மருவியது என்பர். ஊர் சிறிதாயினும் பெற்ற மக்கள் பெரியவர்கள். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884-இல் பிறந்தது இங்கேதான். 1893 முதல் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யரும், மணிக்கொடி பி. எஸ். ராமையாவும் இவ்வூரினர், 1959-இல் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவும் இவ்வூருக்கு உரியவரே. ஆனால் மலைக்குச் செல்லும் பயணி இவற்றையெல்லாம் நினைப்பதில்லை. அவருக்கு இது காபி குடித்துவிட்டுப் போகும் ஊர்.

அந்நாளிலும் அப்படித்தான். 1875-இல் இருப்புப் பாதை மதுரையை எட்டியபின், கொடைக்கானல் செல்லும் வெள்ளையர் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, இரவு முழுதும் மாட்டு வண்டியில் வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளத்தை அடுத்த தோப்பிற்குச் செல்வர். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. பெண்டிரையும் பிள்ளைகளையும் நாற்காலியில் அமர்த்தி நம்மவர்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். பெட்டிகளும், பியானோக்களுங்கூட அவ்வாறே ஏறின என்பர். இன்று நாம் செல்லும் மலைச்சாலை மேஜர் லா என்பவரால் 1870-களில் திட்டமிடப்பெற்று, பணமின்றி நெடுங்காலம் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வண்டிகளுக்கு உரியதாயிற்று. ஆக, கோடைமலையின் இன்பங்கள் யாவும் முதலில் யாரோ ஒருவருடைய தோளின்மீதே ஏறிச் சென்றன. நம் பெரியவருடைய தோளும் அவ்வரிசையில் ஒன்று.

2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் பெற வேண்டும். இளைஞர் தம் கைப்பேசியில் முன்பே பெற்றிருந்தார். காமக்காபட்டி தாண்டி வளைவுகள் தொடங்கின. சமவெளியின் புழுக்கம் வளைவுக்கு வளைவு குறைந்து, டம் டம் பாறையை அடைந்தபோது போர்வையைத் தேடும்படி ஆயிற்று. அங்கு வண்டியை நிறுத்தி, எதிர்மலையில் வெள்ளிச் சரடு போல் தொங்கும் தலையாறு அருவியைப் பார்த்தோம். 297 மீட்டர் உயரம். எலிவால் அருவி என்று மக்கள் சொல்வது பொருத்தமே. அது மஞ்சளாற்றின் நீர். அணையைக் கடந்து நம் வத்தலக்குண்டைத் தொட்டுக்கொண்டு வைகைக்குப் போவதும் அதே நீர்தான். மலையுச்சியில் புல்வெளியும், அதன் மடிப்புகளில் சோலைக்காடும் இருந்தமையால் மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்து ஆண்டு முழுதும் சிறுகச் சிறுக விடுகின்றன என்று செண்பகனூரில் சேசுசபைத் தந்தை ஒருவர் நமக்கு விளக்கியது நினைவிற்கு வந்தது. அப்புல்வெளிகளிற் பெரும்பகுதி வேலமரமும் பைனும் யூகலிப்டசும் நட்டு அழிந்து போயிற்று என்பதையும் அவர் சொல்லியிருந்தார்.

பெருமாள்மலை, வெள்ளி அருவி, செண்பகனூர். ஒரு செய்தி இங்கு. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி தொடங்கப்பெற்றது 1895-இல். கொடைக்கானல் கோல்ஃப் கழகம் தொடங்கப்பெற்றதும் அதே 1895-இல். ஒரே ஆண்டில், ஒரே மலையில், சில கல் தொலைவில் ஒரு சாரார் இலத்தீனும் தத்துவமும் பயில அமர்ந்தார்கள். மறு சாரார் பந்தை அடிக்கப் புல்லை வெட்டினார்கள். இருவரும் ஒருவரையொருவர் பற்றி என்ன நினைத்தார்களோ!

மைதானம் நகரிலிருந்து தூண் பாறைக்குச் செல்லும் வழியில், பசுமைப் பள்ளத்தாக்கை அடுத்து இருக்கிறது. நாம் சேர்ந்தபோது வெயில் இன்னும் முழுதாய் இறங்கவில்லை. புல் பச்சையாக இல்லை, வெள்ளையாக இருந்தது. மார்கழி, தை மாதங்களில் இம்மலையின் தாழ்ந்த பகுதிகளில் உறைபனி படியும். உறைந்த புல்லை மிதித்தால் அது முறிந்து கருகிவிடும் என்பதால் வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தோம். மேடும் பள்ளமுமாய், அலை அலையாய்ப் புல்வெளி. ஓரங்களில் கருத்த மரக்கூட்டம். மதில் இல்லை, மாடம் இல்லை. கண்ணுக்கு இதமான இடம் என்பதில் ஐயமில்லை.

காத்திருந்த நேரத்தில் இளைஞர் ஆட்டத்தை விளக்கினார். வாசகர்கள் பொறுமையாய்க் கேட்க வேண்டும். மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றின் வாய் அகலம் 4¼ அங்குலம். ஒவ்வொரு குழிக்கும் தொடக்க இடம் ஒன்று உண்டு. அங்கு சிறு மரக்குச்சியின்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். அக்குச்சிக்கு 'டீ' என்று பெயர், குடிப்பதன்று. தொடக்கத்திற்கும் குழிக்கும் இடையே நூறு கெஜம் முதல் ஐந்நூறு கெஜத்திற்கு மேலும் தொலைவு இருக்கலாம். வழியில் மணற்குழி, புதர், ஓடை. குழியைச் சுற்றி மட்டும் கம்பளம் போல் வெட்டிய புல், அது 'கிரீன்'. ஓர் ஆட்டக்காரர் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். எவர் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். கிரிக்கெட்டில் எண்ணிக்கை கூடக் கூடப் பெருமை. இங்கே கூடக் கூடச் சிறுமை.

நம் கேள்வி வேறு. இது யாருக்குரிய ஆட்டம்? இதற்கு விடை தேடி நாம் பின்னர் படித்தவற்றுள் ஒன்று நமக்கே வியப்பளித்தது. கோல்ஃபின் தாயகம் என்று உலகம் கொண்டாடும் ஊர் ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ். அதாவது, நாம் பெலவேந்திரர் என்று வணங்கும் அப்போஸ்தலரின் பெயர் தாங்கிய ஊர். 1457-இல் அந்நாட்டு அரசு, இளைஞர் வில்வித்தையை மறந்து இதிலேயே திரிகிறார்கள் என்று இவ்வாட்டத்தைத் தடை செய்தது. பின்னர் 1552-இல் அவ்வூர்ப் பேராயர் ஜான் ஹாமில்டன் ஒரு சாசனம் எழுதினார். கடற்கரை மணற்புல்வெளியில் முயல் வளர்க்கும் உரிமை தமக்கு. அதே நிலத்தில் கோல்ஃபும் கால்பந்தும் ஆடவும், ஆடுமாடு மேய்க்கவும் உரிமை ஊர்மக்கள் அனைவருக்கும் என்பது அதன் சாரம். பொதுமக்களுக்கு இவ்வாட்டத்தை உறுதி செய்து கையொப்பமிட்டவர் ஒரு கத்தோலிக்கப் பேராயர்! பாவம், மேரி அரசியின் பக்கம் நின்றமைக்காக 1571-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சாசனம் பிழைத்தது. இன்றும் அவ்வூரின் பழைய மைதானம் பொதுவுடைமை. எவரும் முன்பதிந்து கட்டணம் செலுத்தி ஆடலாம். ஞாயிற்றுக்கிழமைகளிலோ, பெரும்போட்டிக் காலங்கள் தவிர, ஆட்டமே கிடையாது. ஊர்மக்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அப்புல்லில் உலாவுகிறார்கள்.

நம் நாட்டிற்கு இது வந்த வழி அதுவன்று. 1829-இல் கல்கத்தாவில் தொடங்கிய கழகமே பிரிட்டன் தீவுகளுக்கு வெளியே முதலாவது. பின் பெங்களூர் 1876, கொழும்பு 1879, தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் நுவரெலியா 1889. எல்லாம் உறுப்பினருக்கு உரிய கழகங்கள்; நம்மவர் பை சுமப்பவராகவே உள்ளே நுழைந்தனர். இந்தியாவின் முதல் பொது கோல்ஃப் மைதானம் டெல்லியில் குதுப் பகுதியில் திறக்கப்பெற்றது 2000-இல்தான். ஆனால் பை சுமந்தோரின் வழியிலிருந்தே வீரர்களும் தோன்றினர். 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர் அவ்வகையில் வந்தவரே. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றதை நம் பங்கின் பிள்ளைகளும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

வெயில் ஏறியது. இளைஞர் கட்டணம் செலுத்தி, நமக்கு வாடகைக் கோல்களும், ஒரு கேடியும் அமர்த்தினார். வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், மலைக்காரர். பையை அவர் எடுக்குமுன் நம் பெரியவர் அதனைத் தம் தோளில் மாட்டிக்கொண்டார். "வேண்டாம் தாத்தா, அவர் எதற்கு இருக்கிறார்?" என்று இளைஞர் தடுத்தார். பெரியவர் கேட்கவில்லை. இளைஞரின் பையை அந்த மனிதரும், நம் பையைப் பெரியவருமாகத் தூக்கி நடந்தார்கள். எழுபத்தேழு வயதினர் சுமக்க, ஐம்பதைக் கடந்த நாம் கைவீசி நடப்பதா என்று கூசினோம். சிறிது தூரம் சென்றபின் அவர் நடையைக் கவனித்தோம். கோயிலில் முழங்காலிட்டு எழ அவர் படும் அவதி இங்கில்லை. கோல்கள் ஒன்றோடொன்று மோதி ஓசை எழாதபடி ஒரு கையால் அணைத்துப் பிடித்து, நமக்கு இரண்டடி பின்னால், நம் நிழலை மிதிக்காமல் வந்தார்.

நம் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே நன்று. முதல் வீச்சில் பந்து இருந்த இடத்தில் இருந்தது; குச்சி பறந்தது. இரண்டாம் வீச்சில் கையளவு புல்லும் மண்ணும் பெயர்ந்தன. மூன்றாவதில் பந்து பாய்ந்தது. ஆனால் வலப்பக்கமாய், ஒரு முட்புதருக்குள். முதற் குழியை நாம் 11 அடிகளில் முடித்தோம். நல்ல ஆட்டக்காரருக்கு நான்கு போதுமாம். "சாமி, பந்தை அடிக்கணும்னு நெனைக்காதீங்க. புல்லைத் தடவுற மாதிரி விடுங்க" என்றார் பெரியவர். அவ்வாறே செய்தோம். பந்து நேராகப் பறந்து நெடுந்தூரம் சென்று வீழ்ந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நொடி மிக இன்பமாக இருந்தது. இதற்காகவா மனிதர் இத்தனை பணமும் பொழுதும் செலவிடுகிறார்கள் என்று இகழ்ந்த நாம், மறு அடிக்கு விரைந்தோம்.

கிரீனை அடைந்ததும் பெரியவர் செருப்பைக் கழற்றினார். கோயில் என்று எண்ணிவிட்டாரோ என நினைத்தோம். அன்று. "சரிவு கண்ணுக்குத் தெரியாது சாமி. காலுக்குத்தான் தெரியும்" என்று வெறுங்காலால் நான்கு எட்டு நடந்து, "குழிக்கு ஒரு சாண் இடது பக்கம் பார்த்துத் தள்ளுங்க" என்றார். நம் கண்ணுக்கு வலப்பக்கமே பள்ளமாய்த் தோன்றியது. அவர் சொன்னபடி தள்ளினோம். பந்து வளைந்து சென்று குழியில் வீழ்ந்தது. உடன் வந்த கேடி, "ஐயா, நீங்க எந்தக் காலத்து ஆளு?" என்று கேட்டார். அதுவரை அவர் பெரியவரை ஏதோ வேடிக்கை பார்க்க வந்தவராகவே எண்ணியிருந்தார்.

நான்காம் குழியருகே ஆட்டம் நின்றது. காட்டெருமைகள்! ஏழெட்டு, கரிய மலைகளைப் போல், வெள்ளைக் காலுறை அணிந்தாற் போன்ற கால்களுடன், வெட்டிய புல்லை நிதானமாய் மேய்ந்துகொண்டிருந்தன. விரட்டக்கூடாது, அவை நகரும்வரை காத்திருக்க வேண்டுமாம். மரநிழலில் அமர்ந்தோம். அப்போது இளைஞர், இவ்வாட்டத்தின் சிறப்பு ஒன்றைச் சொன்னார். இதில் ஆட்டக்காரரோடு கூடவே நடக்கும் நடுவர் கிடையாது. தன் அடிகளைத் தானே எண்ணிக்கொள்ள வேண்டும். 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற வீரர் கோலைத் தரையில் வைத்தபோது பந்து இம்மியளவு அசைந்தது. வேறெவரும் காணவில்லை. அவரே தமக்கு ஓரடி தண்டம் விதித்துக்கொண்டார். முடிவில் ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் தோற்றும் போனார். அந்த ஓரடி இல்லையேல் பட்டம் அவருக்கே கிடைத்திருக்கும்.

நாம் இதனை ஞாயிறு மறையுரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். பெரியவர் எழுந்தார். சற்றுத் தள்ளி, ஓடைச் சரிவில் இருந்த சோலையைக் காட்டி, "சாமி, கொஞ்சம் அங்க வாங்க" என்றார். தனியே சென்றோம். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு பழைய கோல்ஃப் பந்து. பழுப்பேறி, ஒரு பக்கம் வெடித்திருந்தது.

அவர் சொன்னதை அவருடைய நடையில் தர நமக்கு இயலாது. செய்தியை மட்டும் தருகிறோம். அப்போது அவருக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயது. புதுப் பந்து ஒன்று சோலைக்குள் போய்விட்டது. தொலைந்த பந்தை ஐந்து நிமிடம் தேடலாம் என்பது அக்கால விதி. 2019 முதல் அது மூன்றாகக் குறைந்துள்ளது. இரண்டு பையன்கள் தேடினார்கள். பந்தைக் கண்டவர் நம் பெரியவர். கண்டதும் குதிகாலால் அதனை இலைச்சருகுக்குள் அழுத்தி, அதன்மேலேயே நின்றுகொண்டு, கைகளால் புதரை விலக்கித் தேடுபவர் போல் நடித்தார். கடைத்தெருவில் விற்றால் வீட்டுக்கு இரண்டு நாள் அரிசி ஆகும். ஆட்டக்காரருக்கு ஐயம் உண்டாயிற்று. ஆனால் ஐயம் விழுந்தது மற்றப் பையன்மீது. பந்து வீழ்ந்த இடத்திற்கு அருகில் நின்றவன் அவன். அவனுடைய சட்டையையும் கால்சட்டையையும் அவிழ்த்துச் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயினும் திருடன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் எவரும் அவனைப் பை தூக்க அழைக்கவில்லை. சில வாரங்களில் அவன் வருவதை நிறுத்திக்கொண்டான்.

"விக்க முடியல சாமி. திருப்பிக் குடுக்கவும் பயம். அடுத்த வருஷமே நான் கீழ இறங்கிட்டேன்." பாவசங்கீர்த்தனத்தில் இதனைச் சொல்லவில்லையா என்று கேட்க நாவெழுந்தது. அது நாம் கேட்கத் தகாதது. ஆனால் அவரே சொன்னார்: "ஏழாம் கட்டளைக்கு எப்பவோ சொல்லியாச்சு சாமி. எட்டாம் கட்டளைக்குத்தான் ஒண்ணும் செய்யல. நான் பொய் சொல்லல, சும்மா நின்னேன். அவ்வளவுதான்."

குருமடத்தில் நாம் நன்னெறி இயலில் படித்ததுண்டு. திருடிய பொருளைத் திருப்பித் தர வேண்டும். கெடுத்த பெயரையும் இயன்றவரை திருப்பித் தர வேண்டும். தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அந்தச் சோலையோரத்தில், வெடித்த பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு முதியவருக்கு அதனை எடுத்துரைக்க வாய் வரவில்லை. "அந்தப் பையன் இப்போது எங்கே?" என்று மட்டும் கேட்டோம். தெரியாது என்றார்.

காட்டெருமைகள் நகர்ந்துவிட்டிருந்தன. மேலும் ஐந்து குழிகள் ஆடினோம். நம் மனம் அதில் இல்லை. விந்தையாக, ஆட்டம் சற்று மேம்பட்டது. ஒன்பதாம் குழியோடு நாம் நிறுத்திக்கொள்ள, இளைஞர் மட்டும் மேலே சென்றார். கழக வாசலில் தேநீர் அருந்தியபோது, உடன் வந்த கேடியிடம் பெரியவர் அந்தப் பையனின் பெயரையும், அவன் தந்தை பெயரையும் சொல்லிக் கேட்டார். அவர் நெடுநேரம் யோசித்தார். அப்பெயரில் ஒருவர் பெருமாள்மலைப் பக்கம் பூண்டு வியாபாரம் செய்தார். இறந்து பல ஆண்டுகள் ஆயிற்று. மகள் சாலையோரம் கடை வைத்திருக்கிறாள். அவர்தானா என்பது தமக்குத் தெரியாது என்றார்.

மாலை இறங்கும்போது பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தினோம். மலைப்பூண்டுக் கட்டுகளும், மலைவாழைத் தார்களும் தொங்கிய கடைகள் வரிசையாய் இருந்தன. கேடி சொன்ன அடையாளக் கடை மூடியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "பழநியில கலியாணம். அடுத்த வாரம்தான் வருவாங்க" என்றார். பெரியவர் மூடிய கதவை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். காமக்காபட்டி வரை எவரும் பேசவில்லை. கீழே சமவெளியில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. காற்றில் புழுக்கம் திரும்பியது. அன்று மாலை செபமாலைக்கு அவரே மணி அடித்தார்.

இதனை நம் இதழுக்கு எழுதலாமா என்று மறுநாள் கேட்டோம். "எழுதுங்க சாமி. என் பேரு மட்டும் வேணாம்" என்றார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அவன் திருடலங்கிறதை மட்டும் நல்லா விளங்குற மாதிரி எழுதிடுங்க" என்றார்.

எழுதிவிட்டோம். அந்தப் பையன் திருடவில்லை.

அதற்கடுத்த வியாழன் விடியலில் மணி வேறு விதமாய் ஒலித்தது. பீடச் சிறுவன் ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான். கோயிற்பிள்ளை முதல் பேருந்தில் மலைக்குப் போய்விட்டார் என்று சொன்னான். திறவுகோற் கொத்து பலிப்பொருள் அறை மேசையின்மேல் இருந்தது.